ஜெப்ஸிக்கு ஒரு டோக்கன்

தருவைகுளம் கிளைட்டனுக்கு ஒரு குணம் உண்டு. எதையும் டோக்கன் வாங்கித்தான் செய்வான். பதினாறு வருடமாக விசைப்படகில் போகிறவன். அதில் ஒன்பது வருடம் டிரைவர். மீன்வளத்துறையில் டோக்கன் வாங்காமல் படகு கரையை விட்டு நகர்ந்தால் என்னென்ன நடக்கும் என்று அவனுக்கு மனப்பாடம். டோக்கன் இருந்தால் நீ மீனவன். இல்லாவிட்டால் அதே கடலில், அதே படகில் நீ குற்றவாளி. சட்டம் என்று அவன் அறிந்தது இது ஒன்றைத்தான். அதைக் கடலோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கரைக்கும் கொண்டுவந்தான்.

அவனுக்கும் விஜிலாவுக்கும் விவாகரத்து ஆகி ஒரு வருடம் கழிந்திருந்தது. காரணம் கேட்டால் இரண்டு பேருமே ஒழுங்காகச் சொல்ல மாட்டார்கள். அவன் கடலுக்குப் போனால் எட்டு நாள், பத்து நாள். கரைக்கு வந்தால் இரண்டு நாள் தூக்கம். அவள் சாயர்புரத்துப் பெண், படித்தவள், தூத்துக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அவன் விழித்திருக்கும் நேரமும் அவள் வீட்டில் இருக்கும் நேரமும் ஒன்றையொன்று சந்திக்காமலே எட்டு வருடம் ஓடியது. இடையில் இரு வீட்டாரும் புகுந்து, சும்மா கிடந்த மௌனத்தைச் சண்டையாக மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மகள் ஜெப்ஸிக்கு ஏழு வயது. அம்மாவோடு தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையில் வாடகை வீட்டில் இருந்தாள். கிளைட்டன் கரையில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போவான். பொழுது சாயும்போது கொண்டுவந்து விடுவான். இதற்கு எந்த ஏற்பாடும் கிடையாது. வாசலில் ஹாரன் அடித்தால் ஜெப்ஸி செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி வருவாள், அவ்வளவுதான். விவாகரத்து உத்தரவு பதினொரு பக்கம். பீரோ யாருக்கு, கிரைண்டர் யாருக்கு என்று அதில் இருந்தது. ஜெப்ஸியைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி இல்லாததுதான் கிளைட்டனை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். அறுபத்தொரு நாள் படகு எல்லாம் கரையில். மே மாதம் பள்ளிக்கூடமும் லீவு. வருடத்தில் அவன் முழுதாகக் கரையில் இருப்பதும் மகள் முழுதாக வீட்டில் இருப்பதும் அந்த ஒரு மாதம்தான். ஜனவரியிலேயே விஜிலாவிடம் கேட்டான்.

"மே மாசம் பூரா எங்கிட்ட இருக்கட்டுமா?"

"கூட்டிட்டுப் போங்க. ரெண்டு நாளைக்கு ஒருக்க தலைக்குக் குளிப்பாட்டி விடுங்க, உப்புக் காத்து. வேற ஒண்ணும் இல்ல," என்றாள் அவள்.

வேறொருவனாக இருந்தால் கதை இத்துடன் முடிந்திருக்கும்.

"எதுக்கும் கோர்ட்டுல ஒரு டோக்கன் வாங்கிருவோம்ளா," என்றான் கிளைட்டன்.

"பெத்த பிள்ளைய கூட்டிட்டுப் போக டோக்கனா?"

"நாளைக்கி ஒங்க அண்ணன் ஒண்ணு சொல்லுவாரு. எங்க அம்மை ஒண்ணு சொல்லுவா. கையில கடுதாசி இருந்துச்சுன்னா ஒருத்தனும் வாயத் திறக்க முடியாதுல்லா."

விஜிலா சிரித்துவிட்டு, "ஒங்க இஷ்டம்," என்றாள்.

அந்த நீதிமன்றத்தின் பெயர் மூன்றாம் கூடுதல் குடும்பநல நீதிமன்றம். முதலாவதும் இரண்டாவதும் எங்கே இருக்கின்றன என்று கேட்டவர்களுக்கு இதுவரை பதில் வந்ததில்லை. வாசலில் நுழைந்ததும் 'குழந்தையின் நலனே தலையாயது' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். 'தலையாயது' என்பதற்கு முன்னால் உடைந்த நாற்காலிகளை அடுக்கியிருப்பதால் 'குழந்தையின் நலனே' என்பது வரைக்கும்தான் கண்ணுக்குத் தெரியும். அதை ஒட்டி 'குழந்தைகள் அறை'. அதில் பழைய வழக்குக் கட்டுகள் கூரை முட்டக் கிடந்தன. ஒரு மரக்குதிரையும் இருந்தது. அது ஆடிவிடாதபடி கட்டு கட்டுகிற சிவப்பு நாடாவால் அதை ஜன்னல் கம்பியோடு கட்டியிருந்தார்கள்.

வக்கீல் பர்னபாஸ் கிளைட்டன் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் வாடியது.

"அந்தம்மா பிள்ளையத் தர மாட்டேங்குதா?"

"தாரேங்கா சார்."

"அடிக்குதா?"

"அடிக்க மாட்டா."

"சோறு கீறு ஒழுங்காப் போடுதா?"

"அதெல்லாம் நல்லாப் பாத்துக்கிடுதா சார்."

பர்னபாஸ் பேனாவை மூடினார். "அப்ப நீ எதுக்குத் தம்பி வந்த? கோர்ட்டுங்கிறது தகராறைத் தீர்க்கிற எடம். தகராறே இல்லாம கையை வீசிக்கிட்டு உள்ள வந்தா அது கோர்ட்டை அவமதிக்கிறதுல்லா. டாக்டர்ட்ட போயி, எனக்கு ஒண்ணுமில்ல, சும்மா ஒரு ஊசி போடுங்கன்னு கேப்பியா?"

"இல்ல சார், ஒரு டோக்கன் மாதிரி..."

"கவலப்படாத. தகராறை நான் ஏற்பாடு பண்ணுதேன். நீ கையெழுத்தை மட்டும் போடு."

பதினாலு பக்கம், ஆங்கிலம். பக்கத்துக்கு ஒரு கையெழுத்து. டோக்கன் படிவத்தில் எங்கே கைகாட்டினாலும் அங்கே கையெழுத்துப் போட்டுப் பழகியவன், போட்டான்.

ஒரு மாதம் கழித்து விஜிலா போன் செய்தாள். அன்றைக்குத்தான் படகு கரைக்கு வந்திருந்தது. அவன் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நின்று பேசினான்.

"நான் பிள்ளைக்கு வாரத்துல மூணு நாளு பழஞ்சோறு மட்டும் போடுதேனாம். மீதி நாலு நாளு என்ன போடுதேன்னு ஒங்க வக்கீல் எழுதல."

"நான் அப்படிச் சொல்லவே இல்லளா. அது இங்கிலீசுல இருந்துச்சு."

"இருங்க. நோட்டீஸ் வந்துட்டா நாமளும் வக்கீல் வைக்கணுமாம். நானும் ஒருத்தர வச்சிருக்கேன், அருமைநாயகம்னு. அவரு எழுதுனதையும் கேளுங்க. நீங்க குடிச்சிட்டுப் பிள்ளைய வலையில சுத்திக் கடல்ல எறக்குவியளாம். மூணு தடவ எறக்கிருக்கிய."

"மூணு தடவையா?"

"தேதி போட்டிருக்கு. டிசம்பர் பன்னெண்டு, டிசம்பர் பத்தொம்பது..."

"பன்னெண்டாந் தேதி நான் கடல்லல்லா இருந்தேன்."

"அதான் கடல்ல எறக்குனியன்னு எழுதிருக்காரு. எல்லாம் பொருத்தமாத்தான் இருக்கு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிரிந்த பிறகு அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுவே முதல் தடவை. சிரித்து முடித்ததும் போனை வைத்துவிட்டார்கள். பொய்தான், ஆனால் முத்திரை குத்திய தாளில் எழுதிய பொய்க்கு ஒரு கனம் இருக்கிறது.

இரண்டு வக்கீல்களும் தனித்தனியே ஒரே அறிவுரையைச் சொன்னார்கள். வழக்கு கோர்ட்டில் இருக்கும்போது அனுமதி இல்லாமல் தகப்பன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் அது கடத்தல். தாய் அனுப்பி வைத்தால் அவள் உடந்தை. பிள்ளை அவளிடமிருந்தும் போய்விடலாம். பிள்ளை போய்விடும் என்ற வார்த்தையைக் கேட்ட நாளிலிருந்து விஜிலாவுக்குச் சரியாகத் தூக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹாரன் சத்தம் நின்றது. டோக்கன் கேட்கப் போனதற்கு முதல் பலன் இதுதான்.

பிப்ரவரி வாய்தாவுக்காக கிளைட்டன் ஒரு முறை கடலுக்குப் போகாமல் கரையில் நின்றான். அன்று வக்கீல்கள் வேலைக்கு வரவில்லை. எங்கோ ஒரு மாவட்டத்தில் ஒரு போலீஸ்காரர் ஒரு வக்கீலிடம் ஹெல்மெட் எங்கே என்று கேட்டுவிட்டாராம். சட்டத்தின் மாண்பைக் காக்க மூன்று நாள் புறக்கணிப்பு என்று பலகையில் எழுதியிருந்தது. மார்ச் வாய்தாவுக்கு வந்தான். நீதிபதி பயிற்சிக்குப் போயிருந்தார். 'விரைந்து நீதி வழங்குவது எப்படி' என்று மூன்று நாள் பயிற்சி. பாடம் முடியாததால் ஐந்து நாளாக நீட்டியிருந்தார்கள்.

மூன்றாம் தடவை நீதிபதியும் இருந்தார், வக்கீல்களும் இருந்தார்கள். மனுதான் இல்லை. பெஞ்ச் கிளார்க் பாண்டியராஜன் அதைத் திருப்பிவிட்டிருந்தார்.

"மனுவுல பிள்ளைக்கு வயசு ஏழு," என்றார் அவர். "பெறப்புச் சான்றிதழ்ப்படி போன வாரத்தோட எட்டு. முரண்பாடுல்லா இருக்கு."

"மனு போட்டப்ப ஏழுதான் அண்ணாச்சி. நாளாயிட்டுல்லா, அதான்."

"வழக்கு நிலுவையில இருக்கும்போது பிள்ள வளர்றதுக்குக் கோர்ட்டுல பெர்மிஷன் வாங்குனியளா?"

கிளைட்டன் வக்கீலைப் பார்த்தான். பர்னபாஸ், இது நியாயமான கேள்விதான் என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார். வயதைத் திருத்தித்தரக் கோரி ஒரு மனு. அந்த மனு தாமதமாக வந்ததை மன்னிக்கக் கோரி இன்னொரு மனு. இரண்டிலும் ஆட்சேபம் இல்லை என்று விஜிலா எழுதிக்கொடுக்கப் போனாள். அருமைநாயகம் அவள் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார்.

"என்னம்மா இது, எடுத்த எடுப்புல ஆட்சேபம் இல்லைன்னா? பிறகு என்னை எதுக்கு வச்சிருக்கிய? பிள்ளைக்கு எட்டு வயசு ஆனதை நாம கடுமையா மறுக்கணும்."

மறுத்தார். ஜெப்ஸிக்கு எட்டு வயது ஆனதா இல்லையா என்பது ஏப்ரல் முதல் வாரம்வரை விசாரிக்கப்பட்டு, ஆனதாகத் தீர்ப்பாயிற்று.

தடைக்காலம் நெருங்கியபோது வழக்கு, ஆலோசகர் ஈவாஞ்சலினிடம் சமரசத்துக்கு அனுப்பப்பட்டது. அவர் அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டடத்தில் வேலை செய்து கிளைட்டன் பார்த்தது அது ஒன்றைத்தான்.

"சொல்லுங்க. உங்க ரெண்டு பேருக்கும் என்ன பிரச்சினை?"

"ஒண்ணுமில்ல மேடம்," என்றாள் விஜிலா. "மே மாசம் பிள்ள அவியகிட்ட இருக்கட்டும். எனக்குச் சம்மதம்."

"எனக்கும் சம்மதம்," என்றான் கிளைட்டன்.

ஈவாஞ்சலின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பதினெட்டு வருடச் சேவையில் அவரை யாரும் இப்படி அவமானப்படுத்தியதில்லை.

"இந்தப் படிவத்தைப் பாருங்க. முதல் பக்கம் மனக்குமுறல். ரெண்டாம் பக்கம் குற்றச்சாட்டு. மூணாம் பக்கம் அழுகை. நாலாம் பக்கம்தான் சமரசம். நீங்க நேரா நாலாம் பக்கத்துல வந்து உக்காந்திருக்கீங்க. முன்னால உள்ள மூணு பக்கத்தை நான் என்ன செய்ய?"

"காலியா விட்டுருங்க மேடம்," என்றான் கிளைட்டன்.

"காலியா விட்டா ஆலோசனையே நடக்கலைன்னு அர்த்தம். ஆலோசனை நடக்காம வந்த சமரசம் செல்லாது. வெளிய போயி ஒரு பத்து நிமிஷம் உக்காந்து பேசி, ஏதாவது ஒரு சண்டையோட வாங்க. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்லுறேன்."

நடைபாதையில் இரண்டு பேரும் சண்டை தேடினார்கள்.

"நீ மீன் குழம்புல புளி கூடப் போடுவ," என்றான் அவன்.

"அத வச்சு எத்தன பக்கம் எழுதுவாவ? பெரிசாச் சொல்லுங்க."

"எங்க வீட்டு ஆளு வந்தா முகங்குடுத்துப் பேச மாட்ட."

"அதச் சொல்லுங்க. நான் பதிலுக்கு ஒங்க தூக்கத்தச் சொல்லுதேன்."

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். கிளைட்டன் தன் பங்கைப் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்லி முடித்தான். விஜிலாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் தொடங்கினாள்.

"இவிய கரைக்கு வந்தா தூங்குவாவ மேடம். எட்டு நாளா இவியகிட்ட சொல்லணும்னு ஒவ்வொண்ணாச் சேத்து வச்சிருப்பேன். ஒரு தடவ ஜெப்ஸிக்கு விடாம மூணு நாளு காய்ச்சல். நான் மட்டும் தூக்கிட்டு அலைஞ்சேன். இவிய வந்ததும் சொல்ல வாயத் திறந்தேன். பிறகு சொல்லுளான்னுட்டுத் திரும்பிப் படுத்தாவ."

அவள் நிறுத்தினாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அந்தப் பிறகு வரவே இல்ல மேடம்."

கிளைட்டன் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான். அந்தக் காய்ச்சலைப் பற்றி அவன் இன்றுதான் கேள்விப்படுகிறான்.

"ரொம்ப நல்லா வருது," என்று ஈவாஞ்சலின் வேகமாக எழுதினார். "மூணாம் பக்கம் நிறைஞ்சிட்டு. சார், நீங்களும் கொஞ்சம் கண் கலங்குனீங்கன்னா ரெண்டு பேர் பங்கையும் இன்னைக்கே முடிச்சிடலாம். அடுத்தவங்க வெளிய நிக்காங்க."

அன்று விஜிலா போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் பஸ் ஏறினாள். ஆலோசனை முழு வெற்றி என்று படிவத்தில் பதிவாயிற்று.

ஏப்ரல் முப்பதாம் தேதி, விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாள், நீதிபதி உத்தரவு சொன்னார். படகுகள் கரையேறி இரண்டு வாரம் ஆகியிருந்தது. கிளைட்டன் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். டவாலிச் சேவகன் அவனைப் பார்த்து, "ஏலே, கையக் கட்டுலே," என்றான். கட்டிக்கொண்டான்.

"இந்த நீதிமன்றம் குழந்தைகளுக்காகவே வாழ்கிறது," என்று நீதிபதி தொடங்கினார். "எனக்கு ஒரு பேரன் இருக்கிறான். அவனை நான் பார்த்து எட்டு மாதம் ஆகிறது. எதற்காக? உங்கள் குழந்தைகளுக்காக. ஒரு குழந்தைக்குத் தகப்பனின் அருகாமை எவ்வளவு அவசியம் என்பதை என்னைவிட அறிந்தவர் யாரும் இல்லை. ஆகவே மனுதாரரின் கோரிக்கையைப் பெருமனதோடு பரிசீலித்து, மே மாதம் ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்து முதல் பன்னிரண்டு மணிவரை, இந்த நீதிமன்றக் குழந்தைகள் அறையில், பதிவேட்டில் கையொப்பமிட்டு, அவர் தம் மகளைச் சந்திக்கலாம் என உத்தரவிடுகிறேன். வேறு எந்த இடத்திலும் சந்திக்கக் கூடாது."

"ஜெயிச்சிட்டோம் தம்பி," என்று பர்னபாஸ் அவன் முதுகில் தட்டினார்.

கிளைட்டனுக்கு ஒரு சந்தேகம். கட்டிய கையை அவிழ்க்காமலே கேட்டான். "ஐயா, மே மாசம் பூரா கோர்ட்டு லீவுல்லா?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"விடுமுறை நீதிமன்றத்துக்குத்தான். உத்தரவுக்கு விடுமுறை கிடையாது. உத்தரவை மீறினால் என்ன ஆகும் என்று உங்கள் வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்."

கேட்டுத் தெரிந்துகொண்டான். விஜிலாவும் தன் வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஆகவே மே மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பூட்டிய கேட்டுக்கு முன்னால் இரண்டு பேரும் சரியாக வந்து நின்றார்கள். நடுவில் ஜெப்ஸி.

"உள்ள போணும்னுல்லா சொன்னாவ," என்றாள் விஜிலா.

"பூட்டிருக்கு."

"அப்ப இங்கன நின்னு பேசுனா மீறுனதா ஆயிருமா?"

எதற்கும் கூடியமட்டும் கேட்டை ஒட்டி உட்காருவோம் என்று மூன்று பேரும் முதுகைக் கம்பியில் சாய்த்துப் பாதையோரம் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. அவன் நுங்கு வாங்கி வந்தான். ஜெப்ஸி ரோட்டில் போகிற கன்டெய்னர் லாரிகளை எண்ணினாள். தருவைகுளத்துக்கு எப்போது போகலாம் என்று கேட்டாள். பத்து நிமிடத்தில் பைக்கை எடுத்துவிடலாம், அரை மணியில் போய்விடலாம். கிளைட்டன் எழுந்து லாரி எண்ணிக்கையைச் சரிபார்க்கிறவன்போல ரோட்டைப் பார்த்து நின்றான். பன்னிரண்டு மணிக்கு விஜிலா அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

ஐந்து சனிக்கிழமையும் அப்படியே. வாரம் இரண்டு மணி நேரம், சுடுகிற கம்பியில் முதுகு. மாதத்தின் மீதி நாட்களில் அவன் கரையில் சும்மா கிடந்தான்; ஜெப்ஸி இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி வீட்டில் சும்மா கிடந்தாள்.

"மீனுக்கு அறுபத்தொரு நாளு குடுத்திருக்கான்," என்றான் நாலாவது சனிக்கிழமை. "தாயும் குஞ்சுமா இருக்கட்டும்னு. ஒரு வல அங்கன எறங்க முடியாது. கப்பல் போட்டுல்லா காவல் காக்கான்."

"மீனுக்கு வக்கீல் கிடையாதுல்லா," என்றாள் விஜிலா.

கொஞ்ச நேரம் கழித்து அவன், "அந்தக் காய்ச்சல் எப்பம் வந்துச்சு?" என்று கேட்டான். அவள் சொன்னாள். முதலிலிருந்து கடைசிவரை, எந்த டாக்டர், எந்த பஸ், எவ்வளவு டிகிரி என்று எல்லாம் சொன்னாள். அவன் தூங்காமல் கேட்டான்.

ஜூனில் கோர்ட் திறந்தது. பாண்டியராஜன் முதல் வேலையாகக் குழந்தைகள் அறைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். மே மாதத்துக்கான பக்கத்தில் ஒரு கையெழுத்துகூட இல்லை. அவர் அதை நீதிபதி மேசையில் வைத்தார்.

"நாங்க அஞ்சு வாரமும் வந்தோம் ஐயா," என்றான் கிளைட்டன். "கேட்டு பூட்டியிருந்துச்சு."

"ஆமா ஐயா, நானும்தான் இருந்தேன்," என்றாள் விஜிலா.

"எதிர்மனுதாரர் மனுதாரருக்குச் சாதகமாகப் பேசுவதை இந்த நீதிமன்றம் சந்தேகத்தோடு பார்க்கிறது," என்றார் நீதிபதி. அருமைநாயகமும் தன் கட்சிக்காரியைச் சந்தேகத்தோடு பார்த்தார். "குழந்தையையே கேட்டுவிடுவோம்."

ஜெப்ஸியைத் தம் அறைக்கு அழைத்து நாலு நிமிடம் விசாரித்துவிட்டு வந்து, சுருக்கெழுத்தருக்கு உரக்கச் சொன்னார்.

"தகப்பனார் குழந்தைகள் அறைக்கு வந்து உன்னைப் பார்த்தாரா எனக் கேட்டதற்கு, இல்லை என்றது. எங்கே இருந்தார் எனக் கேட்டதற்கு, கேட்டுக்கு வெளியே என்றது. ஏன் உள்ளே வரவில்லை எனக் கேட்டதற்கு, பூட்டியிருந்தது என்றது. எது, யாரால் பூட்டப்பட்டது என்பது இந்த வழக்குக்கு அவசியமற்றது. யாரோடு இருக்க விருப்பம் எனக் கேட்டதற்கு, ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு, மற்ற நாள் அம்மாவோடு என்றது. குழந்தை முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவதால் அதன் மனம் குழப்பப்பட்டிருப்பது தெரிகிறது."

தண்ணீர் குடித்துவிட்டு, அவர் கிளைட்டனைப் பார்த்துப் பேசினார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"ஐந்து சனிக்கிழமை கொடுத்தேன். கொடைக்கானலில் இருந்தபோதுகூட, இந்நேரம் அந்தத் தகப்பன் மகளோடு மரக்குதிரையில் விளையாடிக்கொண்டிருப்பான் என்று என் மனைவியிடம் சொல்லி மகிழ்ந்தேன். வாசல்வரை வந்தும் உள்ளே வர உங்களுக்கு மனமில்லை. உங்களைப் போன்ற தகப்பன்களால்தான் இந்த நீதிமன்றத்துக்கு இவ்வளவு வேலை. குழந்தையின் நலன் கருதி, மறு உத்தரவு வரும்வரை மனுதாரர் இந்நீதிமன்ற எல்லைக்குள் மைனர் குழந்தையைப் பார்க்கவோ பேசவோ கூடாது."

விஜிலா வாயைப் பொத்திக்கொண்டாள். அருமைநாயகம் அவளுக்குக் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னார்.

"இதுவும் நமக்கு நல்லதுதான் தம்பி," என்றார் பர்னபாஸ். "இனி மதுரைக்கு அப்பீல் போகலாம். அங்க பெரிய பில்டிங்கு."

கிளைட்டன் நேரே பாண்டியராஜனின் மேசைக்குப் போனான். ஐந்து மாதத்தில் அந்தக் கோர்ட்டில் அவன் தானாகக் கேட்ட இரண்டாவது கேள்வி அது.

"அண்ணாச்சி, அந்த எல்லைக்குள்ளங்காவளே, அது என்னது?"

"அது எல்லா உத்தரவுலயும் வரும். பீரோ கேசுலயும் அப்படித்தான் அடிப்போம். டைப் பண்ணி வச்சிருக்கு."

"நம்ம கோர்ட்டுக்கு எதுவரைக்கும் எல்லை?"

அதிகாரத்தைப் பற்றிக் கேட்டதும் பாண்டியராஜனுக்கு முகம் மலர்ந்தது. அவர் எழுந்து நின்று கையை நீட்டிக் காட்டினார். "கிழக்க கடலு. மேக்க புதுக்கோட்டை, வாகைக்குளம், வல்லநாடு எல்லாம் நம்மதுதான். வல்லநாடு தாண்டி ரோட்டோரமா மாவட்டப் பலகை ஒண்ணு நிக்கும் பாரு, அதுவரைக்கும் ஐயா வச்சதுதான் சட்டம். அதுக்கு அந்தாண்ட ஒரு அடி எடுத்து வச்சாலும் எங்க பேப்பரு செல்லாது. அது திருநெல்வேலி கோர்ட்டு."

விஜிலா நாலடி தள்ளி, ஜெப்ஸிக்குச் செருப்பு வாரை மாட்டிவிட்டபடி குனிந்திருந்தாள். நிமிரவில்லை. வார் மாட்டி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தடைக்காலத்தின் கடைசி நாள். மறுநாள் படகு புறப்பட வேண்டும். போனால் பத்து நாள். கிளைட்டன் காலையிலேயே பைக்கில் போய், 'திருநெல்வேலி மாவட்டம் தங்களை அன்புடன் வரவேற்கிறது' என்ற பலகையைத் தாண்டிப் பத்தடி தள்ளி ஒரு உடைமரத்தடியில் காத்திருந்தான். ஒன்பதரை மணிக்கு வல்லநாட்டுப் பக்கமிருந்து விஜிலா கையில் தூக்குவாளியோடு ரோட்டோரமாக நடந்து வந்தாள். பஸ் அதற்கு முந்தியே இறக்கிவிட்டிருந்தது. ஜெப்ஸி முன்னால் ஓடி வந்தாள்.

பலகையின் பக்கத்தில் வந்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. அதன் காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு பாதம் அந்தப் பக்கமும் ஒரு பாதம் இந்தப் பக்கமுமாக நின்று, "எப்பா," என்று சிரித்தாள்.

தூக்கிக்கொள்ளக் கையை நீட்டிப் போன கிளைட்டன் சட்டென்று நின்றான். பிள்ளையின் பின்பாதம் இன்னும் தூத்துக்குடி மாவட்டத்தில் இருந்தது. அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, ரொம்பவும் பதவிசாகச் சொன்னான்.

"அந்தக் கால இங்கிட்டு எடுத்து வையி மக்கா. அத நான் பாக்கக் கூடாதாம்."